படையில் சேர்வதும் பணியாற்றுவதும்: உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, நான்காண்டுக் காலத்துக்குப் படையில் ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். நாங்கள் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் இருக்கும் எங்கள் பகுதியில் பையன் பட்டாளத்துக்குப் போவது புதிய செய்தி அன்று. ஆனால் எங்கள் தெருவில் உள்ள முன்னாள் படைவீரர்கள் எல்லோரும் பழைய முறையில் சேர்ந்து ஓய்வூதியத்துடன் திரும்பியவர்கள். அவர்களில் ஒருவர் "கண்ணை மூடிக்கொண்டு அனுப்பு" என்கிறார், மற்றொருவர் "நாலு வருஷத்துக்கு எதற்கு?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்.

திட்டத்தின் எண்கள் எங்களுக்குத் தெரியும். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய் வரை ஊதியம். அதில் 30 சதவீதம் பிடித்தம். அரசும் அதே அளவு சேர்த்து, முடிவில் வட்டியுடன் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய். பணிக்கொடையும் ஓய்வூதியமும் கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதத்தினர் மட்டுமே பணியில் தொடர்வார்கள். இவற்றை வைத்து வீட்டில் வேண்டிய மட்டும் பேசிவிட்டோம். பயிற்சியின் முதல் மாதங்கள் எப்படிக் கழியும், எல்லைப் பணி என்றால் அன்றாடம் என்ன நடக்கும், இந்தி தெரியாத பையன் எப்படிச் சமாளிப்பான், திரும்பி வந்தபின் என்ன செய்கிறார்கள் என்பவற்றை அங்கே இருந்தவர்களின் வாயால் கேட்க விரும்புகிறேன். கட்சி அரசியலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நீலகிரிப் பாசறை:

தம்பிக்கு வாழ்த்துகள். நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் சேர்ந்தபோது, விடியும் முன்பே மைதானத்தின் வாசலில் பெருங்கூட்டம் வரிசையில் நிற்கும். முதலில் ஓட்டம், பிறகு அளவெடுப்பு, மருத்துவச் சோதனை, எல்லாம் தாண்டியவனுக்குக் கடைசியில் எழுத்துத் தேர்வு. 2023 முதல் அந்த வரிசை மாறிவிட்டது. கணினித் தேர்வில் தேறியவர்களை மட்டுமே மைதானத்துக்கு அழைக்கிறார்கள். நெரிசல் குறைந்தது நல்லதுதான். ஆனால் படிப்பில் சுமாராக இருந்தாலும் ஓட்டத்தில் எல்லோரையும் முந்தக்கூடிய கிராமத்துப் பையன் மைதானத்தை மிதிக்காமலேயே வெளியேறிவிடுகிறான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. 1750களில் உருவான எங்கள் ரெஜிமென்ட் இந்தியக் காலாட்படையில் மிகப் பழையது என்பதையும், சின்னத்தில் இருக்கும் யானை 1803-ஆம் ஆண்டின் அசாயே போருக்காகக் கிடைத்தது என்பதையும் மனப்பாடமாகச் சொல்ல வைப்பார்கள். முதல் வாரத்தில் அந்த வரலாறு எவன் காதிலும் ஏறாது. குளிரும் தூக்கமும்தான் மனத்தில் இருக்கும். திருவண்ணாமலை வெயிலில் வளர்ந்த எனக்கு, நீலகிரியின் விடியற்காலையில் குளிர்ந்த நீரில் சவரம் செய்துகொண்டு அரைக்கால் சட்டையுடன் ஓடுவதே முதல் போராக இருந்தது. முடி வெட்டுவது, இரும்புப் பெட்டியில் பெயரும் எண்ணும் எழுதுவது, கட்டில் விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டுவது, பூட்ஸைப் பளபளப்பாக்குவது, மாலையில் ரோல் கால் என்று நாள் முழுவதும் எவனுக்கும் தனியாக உட்கார ஐந்து நிமிடம் கிடைக்காது. அது திட்டமிட்டே செய்யப்படுவது என்று பின்னாளில் நானே சில காலம் பயிற்சி கொடுக்கச் சென்றபோதுதான் விளங்கியது: தனியாக உட்கார நேரம் கிடைத்தால் பையன் வீட்டை நினைப்பான், வீட்டை நினைத்தால் ஓடிப்போக நினைப்பான்.

பயிற்றுநரை உஸ்தாத் என்று அழைப்போம். ஒருவன் தாமதமாக வந்தால் பிளட்டூன் எனப்படும் குழு முழுவதற்கும் ரகடா என்ற தண்டனை கிடைக்கும்; துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவோம், முன்னால் உருள்வோம், முழங்கையால் ஊர்வோம். தவறு செய்யாதவனுக்கும் தண்டனையா என்று முதல் மாதத்தில் எல்லோருக்கும் கோபம் வரும். இரண்டாம் மாதத்தில் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்துவிட்டானா என்று பார்க்காமல் எவனும் பாரக்கை விட்டு வெளியே போக மாட்டான். அந்த முறையின் கடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. சில உஸ்தாத்கள் எல்லை மீறியதும் உண்டு. ஆனால் பின்னர் இரவு ரோந்தில் என் முதுகுக்குப் பின்னால் வருபவன் விழித்திருக்கிறான் என்று நான் திரும்பிப் பார்க்காமலேயே நம்பியதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

ஒரு நடைமுறைச் செய்தி. பயிற்சியில் பின்தங்குபவர்களில் பலர் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியால்தான் பின்தங்குகிறார்கள். திடீரென்று கனமான பூட்ஸுடன் தினமும் ஓடும்போது எலும்பில் நுண்ணிய விரிசல் விழும். மருத்துவமனையில் கிடந்துவிட்டு அடுத்த பேட்ச்சோடு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். தம்பி இப்போது தார்ச்சாலையில் ஓடுகிறான் என்றால் உடனே நிறுத்திவிட்டு மண்தரைக்கு மாறட்டும்.

பாலாற்றங்கரை:

மிக்க நன்றி ஐயா. அவன் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறான், இன்றே சொல்லிவிடுகிறேன். இந்தி பற்றி யாராவது விளக்க முடியுமா? அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

சாப்பர்:

இந்தியைப் பற்றி நான் சொல்கிறேன். நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் எம்.இ.ஜி. என்ற படைப் பொறியாளர் பிரிவில் பணியாற்றியவன், பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி பெற்றேன். சேரும்போது இந்தியில் எண்கள்கூட எனக்குத் தெரியாது. சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல் என்ற கட்டளைகளைக் கால்கள்தான் முதலில் கற்றுக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்த்துச் செய்தாலே போதும். தென்னிந்தியப் பையன்கள் மிகுந்த படைப்பிரிவு என்பதால் பாரக்கில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடும். உண்மையில் மொழிச் சிக்கல் பயிற்சியின்போது வருவதில்லை. வேறு மாநிலத்துப் படையினர் நிறைந்த இடத்துக்குத் தனியாக அனுப்பப்படும்போதுதான் வரும். விடுப்பு கேட்கவும், வயர்லெஸில் தகவல் சொல்லவும், உடம்புக்கு என்ன என்று மருத்துவரிடம் விளக்கவும் இந்தி வேண்டும். சேர்ந்த முதல் ஆண்டில் கூச்சப்படாமல் தப்பும் தவறுமாகப் பேசுபவன் தப்பித்துக்கொள்கிறான். கேலிக்கு அஞ்சி வாய் மூடியிருப்பவன் பல ஆண்டுகள் சிரமப்படுகிறான்.

காலாட்படையைப் பற்றி ஹவில்தார் ஐயா சொல்லிவிட்டார். தம்பிக்குத் தொழிற்பிரிவுகளில் வாய்ப்புக் கிடைத்தால் அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வேலை பாலம் கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, அகற்றுவது, பாதை போடுவது. பெய்லி பாலத்தின் ஒரு சட்டகம் பத்தடி நீளம், ஐந்தடி உயரம். எடை ஏறக்குறைய 260 கிலோ. அதை ஆறு பேர் தூக்குவோம். ஒருவன் தோளைக் கொஞ்சம் தாழ்த்தினாலும் எதிர்ப்பக்கத்தவன் முதுகில் சுமை இறங்கும். இக்கரையிலேயே சட்டகங்களை ஆணி போட்டுக் கோத்து, உருளைகளின் மேல் வைத்து, பாலத்தை அப்படியே அக்கரைக்குத் தள்ளுவோம். முன்பகுதி நடுவில் கவிழாமல் இருக்கப் பின்பகுதி கனமாக இருக்க வேண்டும் என்ற ஒரே கணக்கில்தான் எல்லாம் நிற்கிறது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது, சூரல்மலையில் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குள் கட்டி முடித்தவர்கள் எங்கள் சாப்பர்கள்தான். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். தொலைக்காட்சியில் அவர்கள் மழையில் சட்டகம் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு, "இடது பக்கம் தாழுது" என்று வீட்டில் உட்கார்ந்து கத்தியிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தார்கள். படைப்பணி என்றால் துப்பாக்கி மட்டுமே என்று நினைக்கும் தம்பிகளுக்கு இந்தச் செய்தி தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தேனிக்காரி:

படைவீரரின் மனைவியாக நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். எல்லைப் பணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதையும் உங்கள் அம்மா தெரிந்துகொள்வது நல்லது.

திருமணமான முதல் சில ஆண்டுகளில் என் கணவரின் முகவரி "56 ஏ.பி.ஓ" என்ற படை அஞ்சலக எண் மட்டும்தான். எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல மாட்டார், சொல்லக் கூடாது. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநிலத்து முன்கட்டண சிம் வேலை செய்யாது என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. எண் அணைந்திருக்கிறது என்று மூன்று நாட்கள் சாப்பிடாமல் இருந்தேன். தம்பி போகும்போது பின்கட்டண இணைப்பு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அழைப்பு வராத நாட்களை எப்படிக் கழிப்பது என்று அம்மாவுக்குப் பழக்கமாகும்வரை சிரமம்தான்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் என்ற காவல் முகாமின் மீது பனிச்சரிவு விழுந்து, மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனோடு இருந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஒருவர் எங்கள் தேனி மாவட்டத்துக்காரர். ஆறு நாட்களுக்குப் பின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் மீட்கப்பட்டு, 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். என் கணவர் அப்போது வேறு பட்டாலியனில், லடாக்கிலேயே வேறோர் இடத்தில் இருந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், அந்த வாரம் முழுவதும் எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டிலும் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் மலைமேல் இருந்தார். கணவர் பெயர் பட்டியலில் இல்லை என்று உறுதியான பிறகு அந்த அக்கா அழுத அழுகை, செய்தி வருவதற்கு முன் அழுததைவிட அதிகம்.

விடுப்பைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய முறையில் ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் இருந்தன. அக்னிவீர்களுக்கு 30 நாள் ஆண்டு விடுப்புத்தான். ஜம்முவிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் ஹிம்சாகர் விரைவு வண்டியில் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாட்கள். திரும்பிப் போக அதே அளவு. பயண நாட்கள் தனியாகக் கணக்கிடப்பட்டாலும்கூட, அவன் வீட்டில் இருக்கப்போகும் பொங்கல்களையும் தீபாவளிகளையும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மலைக்கோட்டைவாசி:

என் மகன் இரண்டு முறை முயன்று மருத்துவச் சோதனையில் வெளியேறினான். அதற்கு முன் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் தங்கிப் பயில்வதற்காக நாங்கள் செலவழித்த தொகையைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. ஓட்டமும் புல்-அப்ஸும் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, மருத்துவத் தகுதியைச் சேரும்போதே பார்க்கும் அக்கறை அவர்களுக்கு இருக்கவில்லை. பணம் கட்டும் முன் பையனுக்கு முழுச் சோதனை செய்துவிடுங்கள்.

அது தவிர எனக்கு ஒரு நேரடியான கேள்வி. 21 வயதில் திரும்பி வரும் பையன் 11 லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? வட்டிக்கு விடுவான், அல்லது சொந்தக்காரன் கடன் கேட்பான், அல்லது தங்கை திருமணத்துக்குப் போய்விடும். நான்கு ஆண்டுகள் படித்திருந்தால் ஒரு பட்டமாவது மிஞ்சியிருக்கும்.

நீலகிரிப் பாசறை:

மலைக்கோட்டைவாசி ஐயா கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் பணத்தைவிட வேறொன்று என்னை உறுத்துகிறது. அதைச் சொல்வதற்கு மலைமேல் நடப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

உயரமான இடத்துக்கு யாரையும் நேரே அனுப்பிவிட மாட்டார்கள். 9,000 அடிக்கு மேல் ஆறு நாட்கள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாட்கள், 15,000 அடிக்கு மேல் மேலும் நான்கு நாட்கள் என்று உடம்பைப் பழக்கியே ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்து, நேற்று மாலை சிரித்துப் பேசியவன் இன்று காலை மூச்சுக்குத் திணறுவான்; ஹெலிகாப்டர் வருமா வராதா என்பதை வானிலைதான் முடிவு செய்யும். பனியை மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கித்தான் குடிநீர். புகாரி என்ற கணப்பு அடுப்பின் புகையால் துப்பும் சளிகூடக் கறுப்பாக இருக்கும். பசி எடுக்காது, டின் உணவைப் பார்த்தாலே குமட்டும், ஆனாலும் சாப்பிட்டாயா என்று ஒருவன் மற்றவனை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வியர்த்தால் கையுறைக்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால் மெதுவாக நடக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். பனிப்பிளவுகளுக்காக எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் நடப்போம். ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் பனிக்கோடரியைக் குத்திப் படுத்துக்கொள்வார்கள்.

என் விரல் வெளுத்துப்போனதை முதலில் பார்த்தவன் நான் அல்லன். என்னோடு இருந்த கொல்லத்துக்காரன். அவன் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த விரல் இன்று இருந்திருக்காது. எல்லைப் பணி என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கவனிப்புத்தான். காஷ்மீரில் ஆர்.ஓ.பி. என்ற சாலைப் பாதுகாப்புப் பணியிலும் அப்படியே: இருட்டிலேயே கிளம்பி, சாலையின் இரு ஓரங்களையும் ஒவ்வொரு அடியாகச் சோதித்துவிட்டு, படை வாகனங்களின் கடைசி அணிவரிசை கடக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நாள் முழுவதும் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காத நூறு நாட்களுக்குப் பிறகு வரும் நாளிலும் முதல் நாளைப் போலவே பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வேலை.

இப்போது என் உறுத்தலுக்கு வருகிறேன். ஒரே கயிற்றில் நடக்கும் நால்வரில் ஒருவனுக்குத்தான் வேலை நிரந்தரம் என்று நால்வருக்கும் தெரிந்திருந்தால், மற்றவனின் வெளுத்த விரலைப் பற்றி எவனும் சொல்லாமல் விடுவான் என்று நான் கூறவில்லை. நம் பையன்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். ஆனால் மூன்றாம் ஆண்டு முடியும்போது, தன்னைப் பற்றிய அறிக்கையில் என்ன எழுதப்படும் என்ற கணக்கு ஒவ்வொருவன் தலையிலும் ஓடும். தனக்கு மூச்சுத் திணறுகிறது என்பதை மறைப்பான். கால் வலியை மறைப்பான். மலைமேல் தன் உடம்பைப் பற்றிப் பொய் சொல்பவன் தன்னையும் கயிற்றில் உள்ளவர்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுகிறான். என் காலத்தில் பென்ஷனுக்கு 15 ஆண்டுகள் வேண்டும் என்றாலும், ஒரு குளிர்காலத்தில் நோயுற்றதால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்ததில்லை.

சாப்பர்:

ஹவில்தார் ஐயாவோடு இந்த ஒன்றில் முழுமையாக ஒத்துப்போக முடியவில்லை. போட்டி நம் காலத்திலும் இருந்தது. சிப்பாய் நாயக் என்ற மேல்பதவிக்குப் போவதற்கான காடர் தேர்வில் ஒரே செக்‌ஷன் பையன்கள் மோதிக்கொண்டதில்லையா? பதவி உயர்வு கிடைக்காத சிப்பாய் ஹவில்தாருக்குப் பல ஆண்டுகள் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டான். காயத்தை மறைத்துக்கொண்டு கோர்ஸுக்குப் போனவர்கள் என் கம்பெனியிலேயே இருந்தார்கள். ஆனால் அப்போது தோற்றவனுக்கும் கீழே ஒரு தரை இருந்தது, இப்போது இல்லை என்ற அளவில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

பரங்கிமலை:

நான் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயின்று, குறுகிய காலப் பணியில் அதிகாரியாக இருந்து வெளியே வந்தவள். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெற்று வருகிறார்கள். இந்த விவாதத்தில் ஒரு செய்தி விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: ஓய்வூதியமில்லாத குறுகிய காலப் பணி இந்தியத் தரைப்படைக்குப் புதியது அன்று. எங்களைப் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் வந்து போயிருக்கிறோம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும்வரை, பெரும்பாலான பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி என்ற வாய்ப்பே இருக்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் சீருடையைக் கழற்றிவிட்டு நேர்காணலுக்குப் போய், "பீரங்கிப் படைக்குத் தளவாடம் அனுப்பியதைத் தவிர உங்களுக்கு வேறென்ன தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எனக்கும் அக்னிவீருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நான் பட்டம் பெற்ற பிறகு சேர்ந்தேன், பத்தாண்டுகள் இருந்தேன், பணிக்கொடை வாங்கிக்கொண்டு வெளியேறினேன். அவன் பள்ளியிலிருந்து நேரே போகிறான். ஆகவே மலைக்கோட்டைவாசி ஐயாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்: பட்டப் படிப்பைப் பணிக்காலத்திலேயே தொடங்க வேண்டும். அக்னிவீர்களுக்காக இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப் படிப்பு இருக்கிறது. அதில் பாதி மதிப்பெண் தகுதி படைப் பயிற்சியிலிருந்தே கணக்கில் கொள்ளப்படும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடும் வயது வரம்புத் தளர்வும் 2022-இல் அறிவிக்கப்பட்டன. முதல் தொகுதியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்றவர்கள் என்பதால், அவர்களின் நான்காண்டு முடியும்போதுதான் இவை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க முடியும். தம்பி அந்த ஒதுக்கீட்டை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது. இரவில் களைத்து விழும் பையனைப் படி என்று சொல்வது எளிது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அமைதிப் பகுதியில் பணி கிடைக்கும் மாதங்களை வீணாக்காமல் இருந்தால் முடியும்.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியை அருகில் உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஹவில்தார் ஐயாவும் சாப்பர் அண்ணாவும் மாறுபட்ட இடத்தில் அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, தான் சேர்வதாகவே முடிவு செய்திருப்பதாகவும், முதல் ஆண்டிலேயே பட்டப் படிப்புக்குப் பதிவு செய்துவிடுவதாகவும் சொன்னான். அவன் கேட்கச் சொன்ன கேள்விகள் இரண்டு. அவன் உள்ளங்கால் கொஞ்சம் தட்டையாக இருப்பதாக நண்பன் ஒருவன் சொல்லியிருக்கிறான். அதை எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டத்தில் எவ்வளவு வேகம் பாதுகாப்பானது?

நீலகிரிப் பாசறை:

பாதத்தை நீரில் நனைத்து உலர்ந்த சிமென்ட் தரையில் வைக்கச் சொல்லுங்கள். உட்பக்கம் வளைவாக விடுபட்டுப் பதிந்தால் கவலையில்லை; முழுப் பாதமும் அப்படியே பதிந்தால் அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு, பிறகு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். முழங்கால்கள் இடிக்கின்றனவா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, பல் சொத்தை உண்டா, நிறம் பிரித்தறியும் பார்வை சரியா என்பவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம். பச்சை குத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அடியோடு விட்டுவிடட்டும்.

1.6 கிலோமீட்டரை ஐந்து நிமிடம் முப்பது நொடிக்குள் ஓடினால் முழுமையாக 60 மதிப்பெண். பத்து புல்-அப்ஸுக்கு 40. மைதானத்தில் கூட்டமும் பதற்றமும் சில நொடிகளைத் தின்றுவிடும் என்பதால், வீட்டில் ஓடும்போது ஐந்தேகால் நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் நல்லது. முதல் சுற்றில் முண்டியடித்து முன்னே போகக் கூடாது. கடைசிச் சுற்றில் கால் எழாது.

தேனிக்காரி:

இன்னொன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் அவன் பெயரும் பெற்றோர் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்ததால், என் கணவரின் ஆவணங்களைத் திருத்த நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமன்று. நமக்கு இனிஷியல், அங்கே படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். எதை எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதச் சொல்லுங்கள். அக்னிவீர்களுக்கான 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீட்டின் நியமனதாரர் பெயரையும் அம்மாவின் ஆதாரில் உள்ளபடியே நிரப்ப வேண்டும்.